வடக்கே ஒரு துளி, தெற்கே ஒரு துளி

செண்டாரஸ் ஏ என்ற விண்மீன் திரள் (கேலக்ஸி) எனக்கு ஏழாவது முறைதான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆறு இரவுகளுக்கும் என் நோட்டில் தேதி போட்டு, பக்கத்தில் "இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு கோடைகளில் பரவிக் கிடக்கும் ஆறு "இல்லை". ஏழாவது இரவில் பேனா எடுக்கக்கூட வீட்டுக்குள் போகவில்லை. போனால் டியூப் லைட் வெளிச்சம் கண்ணில் பட்டுவிடும். கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலைதான் எழுதினேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஊர் என்று சொல்லலாம், இப்போது புறநகர்தான். வடக்கே மறைமலைநகரும் அதற்கப்பால் சென்னையும் சேர்ந்து அடிவானத்தை இரவு முழுக்க வெளிற வைத்திருக்கின்றன. தெற்கே இன்னும் கொஞ்சம் வயலும் சின்னச் சின்னக் குன்றுகளும் மிச்சமிருக்கின்றன. கொல்லையில் ஒரு துவைக்கிற கல், முருங்கை, மூடிய கிணறு, இரண்டு தூணுக்கு நடுவே கட்டிய கொடிக்கயிறு. தெருவிளக்கு வீட்டின் முன்பக்கம் இருந்தாலும் பக்கச் சந்து வழியாக ஒரு பட்டையாகக் கொல்லைக்குள் விழும்.

இரவு வானம் எவ்வளவு இருட்டு என்பதற்கு ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க அமெச்சூர் வானியலாளர் 2001இல் ஒன்பது படிகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார். ஒன்று என்றால் மனித வெளிச்சமே படாத வானம், ஒன்பது என்றால் மாநகரத்தின் நடு. எங்கள் கொல்லை நல்ல இரவில் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். பால்வீதி தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் இருந்து விண்மீன் திரள்களைப் பார்ப்பதாகச் சொன்னால், நிறையப் பேர் பெரிய டெலஸ்கோப் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் இருப்பது வேடந்தாங்கலில் பறவை பார்க்க வாங்கிய 10x50 பைனாகுலர். பத்து மடங்கு பெரிதாக்கும், முன்பக்க லென்ஸ் 50 மில்லிமீட்டர். அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது ஆண்ட்ரோமெடா. அது எல்லோருக்கும் முதலாவதாகத்தான் இருக்கும். கார்த்திகை மாதம், நான்கு நாள் விடாமல் பெய்த மழை நின்று, தூசியெல்லாம் கழுவிப்போன ஒரு இரவு. அந்த மாதத்தில் எட்டு மணிக்கு வெளியே வந்தால் தலைக்கு மேலே ஒரு பெரிய சதுரம் தெரியும். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்ததுதான் அந்தச் சதுரம். பெயரைப் பஞ்சாங்கத்தில் ஆயிரம் முறை கேட்டிருப்போம், வானத்தில் காட்டச் சொன்னால் கை எங்கேயும் போகாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. உத்திரட்டாதியின் வடக்கு மூலை மீனில் தொடங்கி, வடகிழக்காக வரிசையாக இரண்டு மீன் தாண்டி, இரண்டாவதில் சட்டென்று வடக்கே திரும்பி, மங்கலான இரண்டு மீன்கள் ஏறினால் அங்கே இருக்கிறது. நடுவில் பளிச்சென்று, இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட புகை மாதிரி. 964ஆம் ஆண்டிலேயே அல்-சூஃபி என்ற பாரசீக வானியலாளர் அதைச் சிறு மேகம் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த மேகம் நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் இன்னொரு திரள் என்று தெரிய 1923இல் ஹப்பிள் அதற்குள், தூரத்தைக் கணக்கிட உதவும் ஒரு துடிக்கும் விண்மீனைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 25 லட்சம் ஒளியாண்டு தூரம்.

ஆண்ட்ரோமெடா தெரிந்த தைரியத்தில் பக்கத்திலேயே இருக்கும் எம் 33 என்ற திரளைத் தேடப் போனேன். எம் என்பது மெஸ்ஸியே என்பவரின் பட்டியல், எண் அதில் அதன் வரிசை. பட்டியலில் அதன் பொலிவெண், அதாவது வெளிச்சத்தின் அளவு, 5.7 என்று போட்டிருக்கிறது. பைனாகுலருக்கு இது சாதாரணம் என்று நினைத்தேன். தெரியவில்லை. அடுத்த வருஷமும் தெரியவில்லை. இன்றுவரை எங்கள் கொல்லையில் இருந்து எம் 33ஐ நான் பார்த்ததில்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புறநகர் வானத்தில் திரள் பார்க்க விரும்பும் யாருக்கும் வேறு எதையும்விட இது முக்கியம்.

பொலிவெண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஐந்து எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு வெளிச்சம். இந்தக் கணக்கை 1856இல் முறைப்படுத்தியவர் நார்மன் போக்சன். அவருக்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு. 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்தார், நுங்கம்பாக்கத்தில் முப்பது வருஷம் வானம் பார்த்தார், 1891இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். உலகம் முழுக்க இன்று விண்மீன் வெளிச்சத்தை அளக்கிற அளவுகோலைத் தந்தவர் கோடம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்போது நுங்கம்பாக்கத்து வானம் எப்படி இருட்டாக இருந்திருக்கும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விண்மீன் என்பது புள்ளி. அதன் வெளிச்சம் முழுக்க ஒரே இடத்தில் விழும். திரள் அப்படி இல்லை, அதன் வெளிச்சம் பரவிக் கிடக்கிறது. ஒரு பிடி கோலமாவை வாசலில் ஒரே இடத்தில் குவித்தால் தெருமுனையில் இருந்தே வெள்ளையாகத் தெரியும். அதே ஒரு பிடியைத் தெரு முழுக்கத் தூவிவிட்டால் காலுக்கடியிலேயே இருந்தாலும் தெரியாது. எம் 33 வானத்தில் மூன்று முழுநிலவு இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறது. அதன் 5.7 அத்தனை இடத்திலும் தூவப்பட்டது. புறநகர் வானமோ ஏற்கெனவே வெளிறிய தரை. வெள்ளைத் தரையில் தூவிய மாவு எப்படித் தெரியும்?

இதற்கு நேர்மாறு எம் 104. பொலிவெண் 8. போக்சன் கணக்குப்படி எம் 33இல் இருந்து நமக்கு வரும் மொத்த வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் முழுநிலவின் பரப்பில் இருபதில் ஒரு பங்குகூட அதன் அளவு இல்லை. குவித்த மாவு. அது எங்கள் கொல்லையில் இருந்து தெரிகிறது. எட்டு மடங்கு மங்கலானது தெரிகிறது, எட்டு மடங்கு பொலிவானது தெரியவில்லை. இது புரிந்த பிறகு பட்டியலில் இருக்கும் பொலிவெண்ணை மட்டும் பார்த்துத் தேடுவதை விட்டேன். பக்கத்தில் இருக்கும் அளவையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

எம் 104ஐக் கண்டுபிடிக்கவும் நம் பஞ்சாங்கமே போதும். சித்திரை நட்சத்திரம் வெள்ளையாக, தனியாக நிற்கும். அதற்கு மேற்கே அஸ்தம், கொஞ்சம் கோணலான நாற்கரம். கை விரல்கள் மாதிரி என்பதால்தான் அந்தப் பெயர். அஸ்தத்தின் வடகிழக்கு மூலை மீனில் இருந்து இன்னும் வடக்காக, ஐந்து ஐந்தரை டிகிரி. கையை முழுக்க நீட்டி நடுவில் உள்ள மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் வரும் அகலம் அது. முதல் பார்வைக்கு மங்கலான ஒரு விண்மீன் மாதிரிதான் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தால், மற்ற விண்மீன்கள் ஊசி முனை மாதிரி இருக்க இது மட்டும் முனை மழுங்கி, கிழக்கு மேற்காக லேசாக நீண்டு இருப்பது தெரியும். சொம்ப்ரெரோ தொப்பி என்று பெயர் வரக் காரணமான அந்த விளிம்பும் கருப்புப் பட்டையும் எதிர்பார்க்க வேண்டாம். பைனாகுலரில் ஒரு கீற்று, அவ்வளவுதான். எனக்கு அந்தக் கீற்று போதுமானதாக இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் ரயில்வேயில் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்சுவரில் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு, நேராக எங்கள் கொல்லையைப் பார்த்தபடி. முன்பெல்லாம் மஞ்சள் சோடியம் விளக்கு இருந்த இடங்களில் இப்போது வெள்ளை எல்இடி வந்துவிட்டது. அதில் நீல ஒளி அதிகம். நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும், பகலில் வானம் நீலமாக இருக்கும் அதே காரணம்தான். அதனால் வானம் இன்னும் வெளிறுகிறது. அந்த விளக்கைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தயக்கம். திருட்டு பயத்துக்குப் போட்டது, அணைக்கச் சொல்ல நான் யார்?

நான் கேட்பதற்கு முன்னால் அவரே ஒருநாள் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். "ஏம்மா, அமாவாசை அன்னிக்கி வானத்துல என்னம்மா இருக்கு பாக்க?"

"நெலா இல்லாததாலதாங்க ஐயா வெளிய வந்தேன். ரொம்ப மங்கலா இருக்கறதப் பாக்கணும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இந்த லைட்டு கண்ணுல அடிக்குமே."

"அடிக்குதுங்க."

"சொல்லலாம்ல? நைட்டு வண்டியில கேபின் லைட்ட அணைச்சிட்டுத்தான் ஓட்டுவோம். உள்ள வெளிச்சம் இருந்தா வெளிய ஒண்ணும் பிடிபடாது. கண்ணு இருட்டுக்குப் பழகணும்மா."

அன்றிலிருந்து அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஒன்பதரை மணிக்கு அந்த விளக்கு அணைகிறது. நான் கேட்கத் தயங்கிய இரண்டு வருஷம் எனக்குப் பெரிய நஷ்டம். இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி ஒரு விளக்கு இருந்தால், தயவுசெய்து போய்க் கேளுங்கள்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. கண்மணி விரிவதற்குச் சில நிமிஷம் போதும். விழித்திரையில் இருக்கும் ரோடாப்சின் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். அது திரும்பச் சேர இருபது முப்பது நிமிஷம் ஆகும். அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து சம்பாதித்ததை ஒரு போன் திரை ஒரு விநாடியில் செலவழித்துவிடும். எனவே போன் வீட்டுக்குள். வரைபடம் பார்க்க ஒரு சின்ன டார்ச்சில் சிவப்பு கண்ணாடிக் காகிதத்தை நாலு மடிப்பாக மடித்துக் கட்டியிருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. விழித்திரையின் நடுவில், நாம் ஒரு பொருளை நேராகப் பார்க்கும்போது அது விழும் இடத்தில், மங்கல் ஒளிக்கான செல்களே கிடையாது. அவை சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் மிக மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும். கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வைத்து, கவனத்தை மட்டும் அதன் மேல் வைக்க வேண்டும். சொல்வது சுலபம், பழக மாதங்கள் ஆகும். கண் எப்போதும் கவனம் போகும் இடத்துக்கே ஓடும், அதைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். இன்னொரு உத்தி, பைனாகுலரை விரலால் லேசாகத் தட்டுவது. அசையாத மங்கல் கண்ணுக்குத் தப்பிவிடும், அசைகிற மங்கல் தப்பாது. வயலில் எலி அசையும்போதுதான் தெரிவது போல. இரண்டு கண்ணாலும் பார்ப்பது இதில் பெரிய பலம். ஒரு கண்ணின் குருட்டுப் புள்ளியை இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். ஒற்றைக் கண்ணால் தெரியாத துளி இரண்டு கண்ணையும் வைத்தால் மேலே வரும்.

கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50ஐப் பத்தால் வகுத்தால் ஐந்து, பைனாகுலரில் இருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5 மில்லிமீட்டர். நாற்பது வயதைத் தாண்டிய என் கண்மணி இருட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். 7x50 வாங்கினால் வெளியே வரும் 7 மில்லிமீட்டர் ஒளியில் ஒரு பகுதி என் கண்ணுக்குள் போகாது. ஆகவே எனக்கு 10x50 சரி. கையில் பிடித்தால் ஆடும், ஆடினால் மங்கலானது எதுவும் தெரியாது. தலைக்கு மேலே பார்க்கும்போது கட்டிலில் படுத்துக்கொள்வேன். தாழ்வாக இருப்பதைப் பார்க்க, கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுக்கும் கவைக் கம்பை எடுத்து, அதன் கவையில் பைனாகுலரை வைத்துக்கொள்வேன். கொடிக்கயிற்றில் ஒரு ஜமுக்காளத்தை விரித்துப் போட்டால் சந்து வழியாக வரும் தெருவிளக்கு நின்றுவிடும். தை, மாசியில் பனி இறங்கும்போது தலையில் ஒரு துண்டு, மூச்சு பட்டுக் கண்லென்ஸ் புகை படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படுத்துக்கொண்டு பார்ப்பதற்கென்றே ஒன்று இருக்கிறது. எம் 87. எங்கள் ஊரின் அட்சரேகை ஏறக்குறைய 12.7 டிகிரி. எம் 87 வானத்தில் இருக்கும் இடம் 12.4 டிகிரி வடக்கு. அதாவது அது எங்கள் கொல்லைக்கு உச்சி வழியாகவே போகிறது, கட்டிலில் மல்லாந்தால் நெற்றிக்கு நேரே. பங்குனி உத்திரம் அன்று முழுநிலவு நிற்கும் உத்திர நட்சத்திரத்துக்குச் சற்றுக் கிழக்கே அந்த இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரள்கள் அங்கே ஒரே கூட்டமாக இருக்கின்றன. உத்திரம் அன்று கோயிலில் இருந்து வரும்போது நிலாவை அண்ணாந்து பார்த்து, இதற்குப் பின்னால் அத்தனையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவிடம் தினசரிக் காலண்டரைப் புரட்டி அடுத்த அமாவாசை எப்போது என்று கேட்பேன். அம்மா தேதி சொல்லிவிட்டு, "அன்னிக்கும் ராத்திரி பூரா கொல்லையிலதானா?" என்பார்.

எம் 87இன் நடுவில் இருக்கும் கருந்துளையைத்தான் 2019 ஏப்ரல் 10 அன்று உலகமே படமாகப் பார்த்தது, ஆரஞ்சு நிற வளையமாக. பூமி முழுக்க இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளைச் சேர்த்து எடுத்த படம். என் பைனாகுலரில் அந்தத் திரள் ஒரே ஒரு இரவுதான் தெரிந்தது, பங்குனி அமாவாசைக்கு மறுநாள், நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால். பத்து விநாடி தெரியும், மறையும், மறுபடி அதே இடத்தில் வரும். மூன்று முறை பைனாகுலரை இறக்கிவிட்டுப் புதிதாகத் தேடினேன். மூன்று முறையும் அதே சின்ன மீன்களுக்குப் பக்கத்தில் அதே பொட்டு. அப்புறம்தான் நம்பினேன். அந்த ஒளி கிளம்பி ஐந்தரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது இமயமலை எழும்பவில்லை.

இப்போது அந்த ஏழாவது இரவு.

சித்திரை மாதம், அமாவாசைக்கு முதல் நாள். மத்தியானம் இடியோடு ஒரு கோடை மழை. சித்திரையில் வழக்கமாக வானம் தூசியும் புழுக்கமுமாக மந்தமாக இருக்கும், அன்று துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மண் வாசனை இரவு வரைக்கும் போகவில்லை. ஒன்பதரைக்குப் பெரியவர் விளக்கை அணைத்தார். ஜமுக்காளம் போட்டுவிட்டுப் பத்து மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வடக்கே திரும்பினேன். வெளிறிய பக்கம் அதுதான், ஆனால் மழை அங்கேயும் உதவியிருந்தது. சப்தரிஷி மண்டலம் நன்றாக ஏறியிருந்தது. அதன் கிண்ணத்தில் மூலைவிட்டமாக இரண்டு மீன்களை இணைத்து, அதே தூரம் நேராக நீட்டினால் எம் 81. அதற்குப் பக்கத்திலேயே, முழுநிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளியில் எம் 82. முன்னது முட்டை வடிவத்தில் ஒரு மங்கல். பின்னது ஒல்லியான சின்னக் கோடு, அரிசியை ஓரமாக வைத்த மாதிரி. இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். 1774ஆம் வருஷத்தின் கடைசி நாளில் பெர்லினில் யோஹான் போடே இவற்றைக் கண்டுபிடித்தார். நம்மிடம் இருந்து ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு.

பிறகு கட்டிலைத் திருப்பிப் போட்டுத் தெற்கே பார்த்தேன். திரிசங்கு என்ற சிலுவை வடிவ மீன் கூட்டம் குன்றுகளுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. அதற்கு இடப்பக்கம் கீழே செண்டாரஸின் இரண்டு பெரிய மீன்கள். மேலே இருப்பதில் இருந்து அடுத்த மீனுக்குப் போய் அதே அளவு இன்னொரு எட்டு வைத்தால் ஒமேகா செண்டாரி. லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து, நம் பால்வீதிக்குள்ளேயே இருப்பது. புறநகரிலும் தப்பாமல் தெரியும், நனைத்த பஞ்சு உருண்டை மாதிரி. அதை வட்டத்தின் அடிப்பக்கம் இறக்கி வைத்தேன். செண்டாரஸ் ஏ அதற்கு நேர் வடக்கே நாலரை டிகிரியில் இருக்கிறது, என் பைனாகுலரின் ஆறரை டிகிரி வட்டத்தில் இரண்டும் ஒன்றாக அடங்கும். ஆறு முறையும் இதுவரை சரியாகத்தான் வந்திருந்தேன். சரியான இடத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அன்று மேல் பாதியை நேராகப் பார்க்கவில்லை. கண்ணை ஒமேகா மேல் வைத்துக்கொண்டு கவனத்தை மட்டும் மேலே அனுப்பினேன். ஒன்றும் இல்லை. பைனாகுலரைத் தட்டினேன். இரண்டு சின்ன மீன்களோடு சேர்ந்து மூன்றாவதாக ஏதோ ஒன்று ஆடியது. அதை நேராகப் பார்த்தேன், போய்விட்டது. கண்ணைப் பழையபடி கீழே இறக்கினேன், வந்தது. வட்டமாக, விளிம்பே இல்லாமல், கண்ணாடியில் ஊதிய மூச்சு கரைவதற்கு முன்னால் இருப்பது மாதிரி. மூச்சு கரைந்துவிடும். இது கரையவில்லை. படங்களில் இதன் குறுக்கே ஓடும் அகலமான கருப்புத் தூசிப் பட்டை எனக்குத் தெரியவில்லை, 10x50க்கு இந்த வானத்தில் அது தெரியாது. திரள் தெரிந்தது.

1826இல் ஜேம்ஸ் டன்லப் இதை ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் இருந்து கண்டார். இதன் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பீறிட்டுப் பரவியிருக்கும் ரேடியோ மேகங்களை நம் கண்ணால் பார்க்க முடிந்தால், அவை வானத்தில் முழுநிலவைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான நீளத்துக்கு இருக்கும். என் பைனாகுலரின் வட்டத்துக்குள் அடங்காது. இதுவும் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு தூரம்தான்.

அந்தக் கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில். அந்த நேரத்தில் இரண்டும் எங்கள் கொல்லைக்கு மேலே அடிவானத்தில் இருந்து ஏறக்குறைய முப்பது டிகிரி உயரத்தில், தராசுத் தட்டுகள் மாதிரி நின்றன. போடே செண்டாரஸ் ஏவைப் பெர்லினில் இருந்து பார்த்திருக்கவே முடியாது, அங்கே அது உதிப்பதில்லை. டன்லப்புக்குப் பரமட்டாவில் எம் 81 உதிப்பதில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் எங்கள் அட்சரேகையிலேயே, ஏறக்குறைய 12.6 டிகிரியில் இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் இரு பக்கத்து வானமும் அதற்குக் கிடைக்கிறது. அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு என் பைனாகுலரை ஒப்பிட முடியாது. ஆனால் அது நிற்கும் அட்சரேகையில்தான் என் கட்டிலும் கிடக்கிறது. இருட்டான வானம் நம் ஊர்களில் போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவருவது சுலபமில்லை. இந்த அட்சரேகையை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஐரோப்பாவில், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியதை நாம் கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் பைனாகுலர் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டு நாள் கழித்து, அமாவாசைக்கு மறுநாள், பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கவைக் கம்பில் பைனாகுலரை ஒமேகாவுக்கு நேராக வைத்துக் கொடுத்தேன். "கீழ பஞ்சு மாதிரி இருக்கறதப் பாத்துக்கிட்டே இருங்க ஐயா, மேல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்று மட்டும்தான் சொன்னேன், எங்கே என்று சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றார். ராத்திரி வண்டியில் முப்பது வருஷம் தூரத்து இருட்டையே பார்த்துக்கொண்டிருந்த கண்.

"மேல ஒண்ணு இருக்கும்மா. நேரா பாத்தா ஓடிப்போயிடுது."

எனக்கு ஏழு இரவு எடுத்தது அவருக்கு ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது. எவ்வளவு தூரம் என்று கேட்டார், சொன்னேன். மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். அதற்கப்புறம் ரொம்ப நேரம் அதை அவரிடம் இருந்து நான் வாங்கவில்லை.

இப்போது தேடிக்கொண்டிருப்பது எம் 101. சப்தரிஷியின் வால் பக்கம், நாம் கல்யாணத்தில் பார்க்கும் அருந்ததி இருக்கிறதே, அங்கிருந்து கிழக்கே ஒரு சின்ன மீன் வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் அதன் முடிவுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். பொலிவெண் 7.9. ஆனால் முழுநிலவு அளவுக்குத் தூவிக் கிடக்கிறது, அதுவும் வடக்கே, சென்னை வெளிச்சத்தில். நோட்டில் இதுவரை பதினோரு "இல்லை". அருந்ததியில் இருந்து கிளம்பும் அந்த நாலைந்து மீன்களும் எனக்கு இப்போது தெருப் பெயர் மாதிரி மனப்பாடம். கடந்த முறை, வரிசையின் கடைசி மீனுக்கு அப்பால் வானம் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்திருப்பது போல ஒரு விநாடி பட்டது. மறுபடி வரவில்லை. அதனால் "இல்லை" என்றுதான் எழுதினேன், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு.

பங்குனி அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று அம்மா சொன்னார். பெரியவர் விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.